தாய்மாமனின் புகைக் கணக்கு

1

அக்கா மகள் பவித்ராவின் கல்யாண ஆல்பம் போன வாரம்தான் கொழும்பில் நான் இருக்கும் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர்கூட முதல் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்குகிறார். நான் மட்டும் இல்லை. காரணம், பூமி சூடாகிறது.

இதை ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். விசா பிரச்சனை என்றால் நம்புவார்கள், காசில்லை என்றால் நம்பாமல் தலையாட்டுவார்கள். பருவநிலை மாற்றத்தால் தாய்மாமன் வரவில்லை என்றால், "குடிச்சிட்டு விழுந்திருப்பான்" என்று முடித்துவிடுகிறார்கள். எனவே நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்தபிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

2

நான் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் கொழும்புக் கிளையில் வேலை பார்க்கிறேன். கம்பெனி இந்தியாவில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் இந்தக் கட்டுரைதான் நான் அங்கிருந்து செய்த கடைசி வேலையாக இருக்கும். செயின், பிரேக் கட்டை, கிளட்ச் தட்டு என்று உதிரிபாகங்களைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி மனைவி வசந்தியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கைக்குழந்தை இப்போது எனக்குச் சிங்களம் சொல்லித்தருகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தலைமையகத்துக்கு ஞானோதயம் வந்தது. இன்ன வருடத்துக்குள் கம்பெனியின் புகையை நிகர பூச்சியமாக்குவோம் என்று மேடை போட்டு, விளக்கேற்றி, சத்தியம் செய்தார்கள். புகையை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை, நம் வீட்டு அடுப்பில் நாமே விடும் புகை. இரண்டாவது, நாம் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ ஒருவன் விடும் புகை. மூன்றாவது, நாம் பெற்று வளர்த்து ஊருக்குள் அனுப்பிய பிள்ளைகள், அதாவது விற்ற வண்டிகள், விடும் புகை. மோட்டார் சைக்கிள் கம்பெனிக்கு மூன்றாவதுதான் மலை. அதைத் தொட்டால் வியாபாரம் போய்விடும். எனவே முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டு, அலுவலகத்தில் ஏ.சி.யைக் குறைத்தார்கள், காகிதக் கோப்பையை நிறுத்தினார்கள், கிளைக்கு ஒரு பசுமைப் பொறுப்பாளரை நியமிக்கச் சொன்னார்கள். கொழும்பில் அந்தக் கூட்டம் நடந்தபோது நான் தேநீர் ஊற்ற எழுந்து போயிருந்தேன். திரும்பி வந்தபோது நானே பசுமைப் பொறுப்பாளன்.

பொறுப்பை ஏற்றதும் முதலில் கண்டது, உலகத்திலுள்ள எங்கள் கிளைகளிலேயே மிக மோசமான பாவி கொழும்புதான் என்பது. கணினித் திரையில் எங்கள் பெயர் ரத்தச் சிவப்பில் இருந்தது. என்னவென்று பார்த்தால், எந்த வருடத்தோடு ஒப்பிட்டுப் புகையைக் குறைக்க வேண்டும் என்று தலைமையகம் முடிவு செய்திருந்ததோ, அது இங்கே பெட்ரோல் தீர்ந்துபோன வருடம். புதுவண்டி இறக்குமதி நின்றிருந்தது. இருந்த வண்டிகளை வைத்துக்கொண்டு ஜனங்கள் இரவும் பகலும் கியூவில் நின்றார்கள். வெள்ளவத்தையிலிருந்து அலுவலகங்கள் இருக்கும் கோட்டைப் பகுதிக்குச் சைக்கிளில் போனார்கள், நடந்தும் போனார்கள். நாடே பட்டினி கிடந்த வருடத்தில் எடை பார்த்துவிட்டு, இன்றைக்கு ஒரு கவளம் சோறு தின்றவனைப் பார்த்து "ஐயோ, இப்படியா ஊதுவாய்?" என்று கேட்ட கதைதான் இது.

தலைமையகத்தில் இந்த விவகாரத்தைப் பார்ப்பவன் ரகுராம் என்ற சென்னைப் பையன். மரியாதை தெரிந்தவன், வேலையிலும் சுறுசுறுப்பு. அவனிடம் இதை விளக்கினேன்.

"புரியுது சார். ஆனா பேஸ் இயரை மாத்தினா எல்லா நாட்டுக்கும் மாத்தணும். ஏற்கெனவே ஆண்டறிக்கைல அச்சடிச்சாச்சு" என்றான்.

அச்சில் ஏறிவிட்டால் அது உண்மை. அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு, இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

3

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். கார்த்திகையில் முகூர்த்தம் என்றாள். "நீ வந்து மாலை போட்டாத்தான் அவ மேடைக்கு வருவா. முன்னாடியே சொல்லிட்டா" என்றாள்.

பவித்ராவை எனக்குக் குழந்தையிலிருந்து தெரியும் என்றால் அது குறைத்துச் சொன்னது. அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. பள்ளிக்கூடத்துக்கு என் மொபெட்டின் முன்பக்கம் நின்றுகொண்டு போனவள் அவள். பெரியவளானதும் அதே மொபெட்டை ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பழனி ரோட்டில் ஒரு எருமையின் மீது அவள் மோதியபோது எருமைக்காரரிடம் திட்டு வாங்கியதும் நான்தான். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போனால்தான் அது கல்யாணம். மற்றதெல்லாம் சாப்பாடு. நான் கொழும்பில் எதற்காகவும் இவ்வளவு ஆசைப்பட்டது கிடையாது.

விடுப்புக்குக் கணினியில் விண்ணப்பித்தேன். அடுத்த நிமிடமே நிராகரிப்பு வந்தது. ரகுராமை அழைத்தேன்.

"சார், புது ரூல். குறுந்தூரப் பயணத்துக்கு ஃபிளைட் கிடையாது. கொழும்பு–மதுரை ஷார்ட் டிஸ்டன்ஸ்ல வருது. ட்ரெயின்ல போயிடுங்க சார்."

"நடுவுல கடல் இருக்கு ரகுராம்."

சிறிது நேரம் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிஸ்டத்துல கடல்னு ஒரு ஆப்ஷன் இல்ல சார்."

"என் சொந்தக் காசுல போறேன்."

"காசு யாருதா இருந்தாலும் லீவு நம்ம சிஸ்டம் வழியாத்தானே சார். புகை நம்ம கணக்குலதான் ஏறும். ராமேஸ்வரம் பக்கம் ஏதோ பாலம் இருக்குன்னு சொல்வாங்களே?"

"அது ராமர் கட்டினது. போனவங்க லீவு லெட்டர் குடுக்கல."

அவன் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

வசந்தி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறதே என்றாள். விசாரித்தேன். மழைக்காலத்தில் கடல் பொங்கினால் நிறுத்திவிடுவார்களாம், கார்த்திகையில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிடலாம் என்று ஒரு நாள் ரோஷம் வந்தது. வேலை போனால் விசா போகும், விசா போனால் மகளின் பள்ளிக்கூடம் போகும் என்று வசந்தி எடுத்துச் சொன்னாள். விசாவை நீட்டிக்கும் குடிவரவுத் திணைக்களத்தில் வருடா வருடம் அதே புகைப்படத்தையும் அதே கைரேகையையும் கொடுத்து, "இன்னும் நான்தான்" என்று நிரூபித்துவிட்டு வருகிறவனுக்கு ரோஷம் நீண்ட நேரம் நிற்பதில்லை.

மகள் தாரணிக்கு இதெல்லாம் ஒரு பிரச்சனையாகவே படவில்லை.

"அப்பா, வீடியோ கோல் எடுங்கோவன். என்ட ஃபிரெண்ட்ஸ்ட வீட்டுக் கலியாணமெல்லாம் அப்பிடித்தான். கனடாவில கலியாணம், நாங்கள் இங்க இருந்து கேக் வெட்டுறது."

"வீடியோல மாலை போட முடியுமாடி?"

"மாலை ஆர் போட்டா என்ன? அவவுக்குத்தானே கலியாணம்."

அவள் முச்சக்கரவண்டிக்காரரிடம் "அய்யே" என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்கிச் சிங்களத்தில் பேரம் பேசுவாள். மீன்காரரிடம் யாழ்ப்பாணத் தமிழில் சண்டை போடுவாள். என்னோடு பேசும்போது மட்டும், வேற்றூர் விருந்தாளிக்கு வழி சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். திண்டுக்கல்லை அவள் ஒரு விடுமுறைக்குப் பார்த்திருக்கிறாள். பூட்டும் பிரியாணியும் ஞாபகம் இருக்கின்றன. அவளுக்குத் தாய்மாமன் கிடையாது, வசந்தி ஒரே பிள்ளை. இல்லாத உறவு எப்படி இனிக்கும் என்று அவளுக்கு நான் எப்படி விளக்குவது?

4

பத்து நாள் கழித்து ரகுராமே ஒரு வழி சொன்னான். கிளை ஏதாவது பசுமைச் சாதனை காட்டினால் ஒரு பயணத்துக்கு விதிவிலக்கு உண்டாம். எங்கள் முதல் மின்சார மோட்டார் சைக்கிள் அப்போதுதான் கொழும்பில் இறங்கியிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அதை ஒருத்தருக்கு வித்து, நல்ல வீடியோவா அனுப்புங்க சார். நான் பாத்துக்கறேன்" என்றான்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வண்டிகளை விற்பவர் ஸ்டீபன் அண்ணன். துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பம், மூன்று தலைமுறையாக அதே தெரு. அவரிடம் வண்டி வாங்கினால் மாதா கோயிலில் ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார், பிறகு ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் வாசலில் ஐயர் எலுமிச்சம்பழம் வைப்பார். வாங்குகிறவர் எந்த மதம் என்பது முக்கியமல்ல, இரண்டும் உண்டு. "இன்சூரன்ஸ்காரன் ஆயிரம் கேள்வி கேப்பான் சேர். இவங்க ரெண்டு பேரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க" என்பார். காரியத்தைச் சொன்னதும் அவரே ஆளைப் பிடித்தார். வெள்ளவத்தையில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் ஆசிரியர் கமலநாதன் மாஸ்டர்.

"பூமிக்காக வாங்கேல்லை, தம்பி. அதுக்கு வேற ஆக்கள் இருக்கினம்" என்று மாஸ்டர் என்னிடம் நேராகவே சொன்னார். "பெற்றோல் கியூவில மூண்டு நாள் நிண்டனான். இனிமேல் ஒரு கியூவிலையும் நிக்கிறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்."

வெள்ளிக்கிழமை காலை முருகன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் செவ்வரத்தம் என்கிற செம்பருத்திப் பூ. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். மாஸ்டருக்கு ஓட்டிப் பழக்கமில்லை என்பதால் ஸ்டீபன் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். தாரணி கைப்பேசியில் படம் பிடித்தாள். ஐயர் கற்பூரம் காட்டிவிட்டு, "சரி, ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார்.

ஸ்டீபன் அண்ணன் சாவியைத் திருகினார். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் ஐயர் மறுபடியும்.

"பண்ணிட்டன் ஐயர்."

"சத்தம் ஒண்டும் காணேல்லையே?"

இந்த ஊரில் புதுவண்டி பூஜையில் ஒரு வழக்கம் உண்டு. தீபாராதனை முடிந்ததும் ஆக்சிலரேட்டரை மூன்று தடவை முறுக்கி எஞ்சினை உறுமவிட வேண்டும். முருகனுக்குத் தெரியவேண்டும், தெருவுக்கும் தெரியவேண்டும். ஸ்டீபன் அண்ணன் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான வண்டிகளை அப்படி உறுமவிட்டவர். பெட்ரோல் வண்டி கியரில் இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் நின்ற இடத்தில்தான் கத்தும். மின்சார வண்டிக்கு அந்த நாகரிகம் இல்லை. முறுக்கினால் போ என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும், அவருக்கும் பயிற்சியில் சொல்லியிருந்தோம். ஆனால் ஐயரும், மாஸ்டரும், கூடிநின்ற சனமும் சத்தத்துக்காகக் காத்திருக்கும்போது பயிற்சி யாருக்கு ஞாபகம் வரும்? பழக்கதோஷத்தில் முழுதாக ஒரு முறுக்கு முறுக்கினார்.

வண்டி எலுமிச்சம்பழத்தின் மீது ஏறி, உடைக்கக் காத்திருந்த தேங்காயை உடைத்துக்கொண்டு, அர்ச்சனைத் தட்டுக் கடையின் வாழைப்பழச் சீப்புகளை வாரிக்கொண்டு போய், ஒரு முச்சக்கரவண்டியின் பின்புறத்தில் முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முச்சக்கரவண்டிக்காரர் இறங்கிப் பார்த்து, "சத்தயக்வத் நே!" என்றார். ஒரு சத்தம்கூட இல்லையே என்பது அவருடைய வியப்பு. கோபப்பட மறந்துவிட்டார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மதுரை விமானம் என் தலைக்கு மேல் காலியாகப் பறந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஐயர் அசையாமல் சொன்னார்:

"தேங்காய் தன்பாட்டில உடைஞ்சிட்டுது. இதைவிட நல்ல சகுனம் இருக்கோ?"

ஸ்டீபன் அண்ணன் மடியில் வாழைப்பழத்தோடு திரும்பி என்னைப் பார்த்து, "பிக்கப் சும்மா சொல்லக்கூடாது சேர்" என்றார்.

5

தாரணி யாரையும் கேட்காமல் அந்த வீடியோவை வெளியிட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து தெமட்டகொடை வரைக்கும் அது ஓடியது. திங்கட்கிழமை ஸ்டீபன் அண்ணனின் கடைவாசலில் இளவட்டங்கள். "அண்ணே, அந்தப் பறந்த வண்டிதான் வேணும்." பூமியைக் காப்பாற்ற ஒருவனும் வரவில்லை. எல்லோரும் பறக்கத்தான் வந்தார்கள். கையில் இருந்த வண்டிகள் போய், வராத வண்டிகளுக்கும் பெயர் பதிந்தார்கள்.

ரகுராம் அழைத்தான். குரலே மாறியிருந்தது. "சார், எம்.டி. பாத்துட்டார். புகை இல்லை, சத்தம் இல்லை, இப்படி ஒரு டெமோ யாருமே குடுத்ததில்லைன்னு சொன்னார். ஒரே ஒரு டவுட். ஆரம்பத்துல ஒரு புகை தெரியுதே, அது என்ன சார்?"

"கற்பூரம்."

"அது எந்த வகைல வரும் சார்? நம்ம புகையா, வாடிக்கையாளர் புகையா?"

"முருகன் புகைன்னு போட்டுக்கோ."

மறுநாள் என் விடுப்புக்கு விதிவிலக்கு அனுமதி வந்தது. அக்காவுக்கு போன் போட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். வசந்தி புதுவேட்டியை எடுத்து மடித்தாள். தாரணிகூட, "அப்ப நான் சாறி கட்டவோ?" என்று கேட்டாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குள் திண்டுக்கல் வந்து உட்கார்ந்ததுபோல மூன்று நாள் இருந்தது.

நான்காம் நாள் இன்னொரு மின்னஞ்சல். கொழும்புக் கிளையின் சாதனையைப் பாராட்ட எம்.டி.யும் நான்கு இயக்குநர்களும் நேரில் வருகிறார்கள். நாள் பவித்ராவின் முகூர்த்த நாள். பசுமைப் பொறுப்பாளர் விமான நிலையத்தில் வரவேற்க வேண்டும்.

"நாளை மாத்த முடியாதா ரகுராம்? விதிவிலக்கு குடுத்தீங்களே?"

"அதுல ஒரு சிக்கல் சார்." அவன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "விசிட்டர்ஸோட ஃபிளைட் புகையை ஹோஸ்ட் பண்ற கிளை கணக்குலதான் எழுதணும். அவங்க அஞ்சு பேர் வந்ததும் கொழும்புக்கான இந்தக் காலாண்டு ஒதுக்கீடு முடிஞ்சுடுது. உங்க டிக்கெட்டுக்கு இடம் இல்ல சார்."

"அவங்களுக்கும் குறுந்தூரம்தானே? ட்ரெயின்ல வரச் சொல்லேன்."

"நடுவுல கடல் இருக்கு சார்" என்றான் ரகுராம்.

6

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஓர்க்கிட் மாலையோடு நின்றேன். திண்டுக்கல்லில் முகூர்த்த நேரம். பக்கத்தில் தாரணி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என்னோடு வந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் கையில் கைப்பேசி, அதில் மண்டபம். நாதஸ்வரம் விட்டுவிட்டுக் கேட்டது. யாரோ கூட்டத்தில் இடித்துக்கொண்டு படம் காட்டியதால் பந்தல் கூரையும் ஒருவரின் காதும்தான் தெரிந்தன.

"அப்பா, இப்ப அவவைக் கூட்டிக்கொண்டு வருகினம். இல்லை, நிக்கினம். என்னவோ கதைக்கினம்."

எட்டிப் பார்ப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. எம்.டி. கையை விரித்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் தலையைக் குனிந்தார். குனிந்த தலைக்கு மாலை போடாமல் இருக்க முடியாது. போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தக் காலாண்டுல இந்தக் கிளைல ஒரு ஊழியர்கூட விமானம் ஏறலை. எங்க எல்லாக் கிளைகள்லயும் இது ஒண்ணுதான். இதை மெயில்ல பாராட்டினா மரியாதையா இருக்காதுன்னு நேர்லயே வந்தோம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தபோது தாரணி கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "கட் ஆயிட்டுது அப்பா" என்றாள். அவள் முகம் சரியாக இல்லை.

அன்று சாயங்காலம் அக்காவை அழைத்தேன். சமையல் நன்றாக இருந்ததைச் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லாததைச் சொன்னாள், மழை விட்டதைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மறுபடியும் சமையலுக்கே வந்தாள்.

"மாலையை யாரு போட்டாங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பெரியப்பா மகன் போடறேன்னு வந்தான். சித்தப்பாவும் வந்தார். அவ யாரையும் கிட்ட விடல. நேரம் போகுதுன்னு ஐயர் சத்தம் போட்டார். தாம்பாளத்துல இருந்து தானே எடுத்துப் போட்டுக்கிட்டாடா. போட்டுக்கிட்டு, மேடைக்குத் தனியா நடந்து வந்தா. நடக்கறப்ப வலது கையை மட்டும் இப்படி நீட்டியே வச்சிருந்தா, யாரோ புடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி."